புதன்கிழமை வேதபாடத்தைத் திரும்பத் தொடங்குங்கள்: எங்கள் சேகரத்துக்கு (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைக்கு) ஒரு திறந்த மடல்

சேகர குருவானவர் அவர்களுக்கும் சேகர கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

போன ஞாயிறு ஆராதனை முடிவில் வாசித்த அறிவிப்புகளில், புதன்கிழமை சாயங்கால வேதபாடம் இனி நடக்காது என்று ஒன்று வந்தது. அதற்குப் பதிலாக மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வெளியூர் ஊழியரை அழைத்து ஆசீர்வாத உபவாச ஜெபம் நடத்தப்படும் என்றீர்கள். பிள்ளைகளை நற்கருணைக்கு ஆயத்தப்படுத்துகிற திடப்படுத்தல் வகுப்பும் இந்த வருஷம் முதல் நான்கு சனிக்கிழமைகளோடு முடிந்துவிடும் என்றீர்கள். வேதபாடத்தை நிறுத்தக் காரணம் இரண்டு சொன்னீர்கள். ஆள் வருவதில்லை என்பது ஒன்று. இறையியல் படிக்காதவர்கள் இஷ்டம்போல வியாக்கியானம் செய்வதால் சபையில் குழப்பம் வருகிறது என்பது இன்னொன்று. இதற்கு ஆதாரமாக, வேதத்தின் தீர்க்கதரிசனத்துக்கு அவரவர் சொந்தமாகப் பொருள் சொல்லக்கூடாது என்ற கருத்தில் 2 பேதுரு 1:20-ஐயும் வாசித்தீர்கள்.

இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கமிட்டிக்கு மனுவாகக் கொடுத்தால் ஃபைலுக்குள் போய்விடும். சபையார் எல்லாருக்கும் உரிய விஷயம் என்பதால் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். நான் இந்தக் கோயிலிலேயே ஞானஸ்நானம் பெற்று, இங்கேயே திடப்படுத்தல் எடுத்து, சந்தா பாக்கியில்லாமல் கட்டி வருகிறவள். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள். புதன்கிழமை வகுப்பில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவள். அங்கே என்ன நடந்தது என்று, அங்கே வராதவர்கள் சொல்லக் கேட்டு முடிவு எடுத்திருக்கிறீர்கள். வந்தவள் சொல்வதையும் கேளுங்கள்.

வந்தவர்களில் பாதிக்கு மேல் பீடி சுற்றுகிற பெண்கள். பகலெல்லாம் மடியில் சுளகை வைத்துச் சுற்றி, கட்டிய பீடியைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, அடுப்பில் உலை வைத்துவிட்டு வருவார்கள். அவர்களில் ஒரு பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. அறிவொளி இயக்கக் காலத்தில் எழுத்துக் கற்றவர். தன் முறை வரும்போது வரிக்குக் கீழே விரலை வைத்துத் தள்ளித் தள்ளி வாசிப்பார். இலை வெட்டி வெட்டி காய்த்துப்போன விரல். நீளமான சொல் வந்தால் நிறுத்தி, எழுத்துக் கூட்டி, மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பார். யாரும் அவசரப்படுத்த மாட்டோம். ஒரு அதிகாரம் முடிய நேரமாகும். சரி, ஆகட்டும் என்று இருப்போம்.

முறை இதுதான். ஒரு புத்தகத்தை எடுத்தால் முதல் அதிகாரத்திலிருந்து கடைசி அதிகாரம்வரை போவது. ஆளுக்கு ஒரு வசனமாகச் சத்தமாக வாசிப்பது. இதைச் சொன்னது யார், யாரிடம், எந்தச் சமயத்தில், இதற்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது. அதெல்லாம் முடிந்த பிறகுதான், இது நம்மிடம் என்ன கேட்கிறது என்ற பேச்சு. இந்த முறையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. முன்பு இங்கே இருந்த ஒரு குருவானவரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. அவர் மாற்றலாகிப் போன பிறகு நாங்கள் தொடர்ந்து நடத்தினோம்.

இந்த முறையில் வாசித்ததால் எங்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு எரேமியாவைச் சொல்கிறேன். எரேமியா 29:11 நம் சேகரத்தில் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற வசனம். கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது, ஆட்டோ கண்ணாடியில் இருக்கிறது. மகனுக்கு வேலை கிடைக்கும், வீடு கட்டி முடியும் என்பதற்கு அச்சாரமாக அதை வைத்திருக்கிறோம். ஆனால் அந்த அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597-ல் ராஜாவாகிய எகொனியாவோடு பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள், பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்தாயிற்று என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் கர்த்தருடைய பேரில் சொல்கிறான். எரேமியாவின் கழுத்தில் கிடந்த மரநுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். ஜனங்களுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும். எரேமியாகூட முதலில் ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றுதான் சொல்கிறார். ஆனால் கர்த்தர் சொல்லச் சொன்னது வேறு. எழுபது வருஷம் ஆகும். அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். நாம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வசனம் இதற்குப் பிறகு வருகிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களிடம் சொன்ன நம்பிக்கை அது.

இதை வாசித்து முடித்த அன்று வகுப்பில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. மகன் வளைகுடாவில் சம்பளம் வராமல் மாட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா சொன்னார்கள்: "அப்போ இது சீக்கிரம் சரியாயிரும்னு சொல்ற வசனம் இல்ல. சரியாகாத இடத்துலயும் நான் இருக்கேன்னு சொல்ற வசனம்." எனக்குத் தெரிந்து இதைவிடச் சரியான பிரசங்கத்தை அந்த வசனத்தின்மேல் நான் கேட்டதில்லை. இதைத்தான் இஷ்டம்போலச் செய்த வியாக்கியானம் என்கிறீர்களா?

வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் தாம்பாளத்தில் ஆளுக்கொரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைக் குவித்து வைத்து ஆளுக்கு ஒன்றாக எடுக்கச் சொல்கிறோம். நானும் சிறு வயதிலிருந்து எடுத்திருக்கிறேன், அந்த ராத்திரியின் சந்தோஷம் எனக்கும் தெரியும். ஆனால் அதன் இன்னொரு பக்கத்தையும் நான் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு 2021 பிறக்கிற ராத்திரி வந்தது 91-ஆம் சங்கீதம். ஆயிரம்பேரும் பதினாயிரம்பேரும் விழுந்தாலும் அது உன்னை அணுகாது என்ற வசனம். கொரோனா முதல் அலையில் தப்பித்த வீடு. அட்டையை நிலைக்கு மேலே ஒட்டினார்கள். அந்த வருஷம் மே மாதம் இரண்டாம் அலையில் மூத்த மகன் போய்விட்டான். ஆக்சிஜன் படுக்கைக்காக அலைந்த கதையெல்லாம் ஊருக்கே தெரியும். துக்கம் விசாரிக்க வந்த ஒரு வெளியூர் ஊழியர், வாக்குத்தத்தம் பொய் சொல்லாது, வீட்டில் யாரிடமோ அவிசுவாசம் இருந்திருக்கிறது என்று அந்தத் தாயின் முகத்துக்கு நேரே சொன்னார். அன்றோடு அவர்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்தினார்கள். நம் கமிட்டியிலிருந்து யாரும் போய் ஏன் என்று கேட்கவில்லை. சந்தா நோட்டில் பாக்கி என்று மட்டும் எழுதப்பட்டது.

அவர்களைத் திரும்ப உள்ளே கூட்டிவந்தது புதன்கிழமை வகுப்புதான். சங்கீதங்களை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தோம். 88-ஆம் சங்கீதம் வரும் வாரத்தில் ஒரு பெண் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அந்தச் சங்கீதத்தில் ஆறுதலான முடிவு கிடையாது. எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே நின்றுவிடுகிறது. "இதுவும் வேதத்துலதான் இருக்கா?" என்று அந்த அம்மா கேட்டார்கள். இருக்கிறது என்று பக்கத்தைக் காட்டினோம். அதற்கடுத்த வாரம் அவர்களே முன்கூட்டி வந்து பாய் விரித்தார்கள். அறுபது வயது தாண்டிய ஒருத்திக்கு, தன் அழுகையும் கடவுள் முன்னால் சொல்லத் தகுந்ததுதான் என்று தெரிய இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அட்டைக் கட்டில் 88-ஆம் சங்கீதத்தை யாரும் அச்சடிப்பதில்லை.

91-ஆம் சங்கீதத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான்கு சுவிசேஷங்களிலும் தேடினால், அந்தச் சங்கீதத்தை எடுத்து வாக்குத்தத்தமாக நீட்டுகிறவன் ஒருவன்தான். தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான் பிசாசு. வசனத்தில் தவறில்லை, மனப்பாடமாகத்தான் சொல்கிறான். இயேசு அந்த வசனம் பொய் என்று சொல்லவில்லை. தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே என்று உபாகமத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைக்கிறார். ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு யாருடைய அனுமதி நமக்கு வேண்டும்?

இப்போது, உண்மையில் இந்த வகுப்பு எதனால் நின்றது என்ற பேச்சுக்கு வருகிறேன். மல்கியா வாசித்தோம். நம் கோயிலில் மல்கியா என்றால் 3:10 தான். தசமபாகங்களைப் பண்டசாலையில் கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறப்பேன். அறுப்பின் பண்டிகைக்கு ஒருமுறை, ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஒருமுறை, கட்டட நிதிக்கு ஒருமுறை என்று கேட்டிருக்கிறோம். வகுப்பில் 1:1-லிருந்து வந்தோம். இரண்டாம் அதிகாரத்தில் ஆசாரியர்களைத்தான் கர்த்தர் கடிந்துகொள்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் தசமபாகத்துக்கு ஐந்து வசனங்கள் முன்னால், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும் கூலிக்காரரின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கும் விரோதமாகத் தீவிரமான சாட்சியாயிருப்பேன் என்கிறார். கூலி பிடிப்பது என்றால் என்ன என்று பீடி சுற்றுகிறவர்களுக்கு யாரும் விளக்கவேண்டிய அவசியமில்லை. நல்ல பீடியையே சரியில்லை என்று ஒதுக்கிவிட்டு அதற்குரிய காசைக் குறைப்பது அவர்களுக்கு வாராவாரம் நடக்கிறது. அதோடு அந்தத் தசமபாகம் யாருக்குப் போனது என்று உபாகமம் 14-ஐத் திருப்பிப் பார்த்தோம். மூன்றாம் வருஷத்தின் தசமபாகம் ஆலய ஊழியக் கோத்திரத்தானாகிய லேவியனோடு பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது, அவர்கள் சாப்பிட்டுத் திருப்தியடையும்படி.

அப்போதுதான் அந்தப் பாட்டி கேட்டார்: "நம்ம கோயில்குட்டியாருக்கு என்ன சம்பளம் குடுக்கோம்?"

யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் விசாரித்து வந்து ஒருவர் சொன்னார். விடியற்காலை மணி அடித்து, கோயிலைப் பெருக்கி, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் பார்த்து, ராத்திரி ஆராதனை முடிந்து கதவைப் பூட்டிவிட்டுப் போகிற மனுஷனுக்கு மாதம் நாம் கொடுப்பதைவிட, போன அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தார் கூடுதலாகப் போயிருக்கிறது. ஏலம் எடுத்தவர் நல்ல மனதோடுதான் எடுத்தார், அவரை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பணம் பண்டசாலைக்கு வந்த பிறகு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. வகுப்பார் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கோயில்குட்டியாரின் சம்பளத்தை உயர்த்தும்படி கமிட்டிக்கு ஒரு தாள் கொடுத்தோம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் இல்லாத தாள் அது, அதுவே அந்த வகுப்பின் ஒரு கனி. அதற்குப் பதில் வரவில்லை. வந்தது, வகுப்பு நிறுத்தம் என்ற அறிவிப்பு.

இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் சொல்லலாம். சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் குழப்பம் என்ற சொல்லை எந்தச் சம்பவத்துக்காகப் பயன்படுத்தினீர்கள் என்று சபைக்குச் சொல்லுங்கள். உபதேசத்தில் நாங்கள் எங்கே பிசகினோம்? திரித்துவத்தை மறுத்தோமா? ஞானஸ்நானத்தைக் குறைவாகப் பேசினோமா? வேதத்தை வாசித்துவிட்டு ஒரு வேலைக்காரனின் கூலியைக் கேட்டோம். யாக்கோபு எழுதியிருக்கிறார், பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்று. கர்த்தரின் செவிக்கு எட்டுவதைக் கமிட்டி குழப்பம் என்று சொல்லக்கூடாது.

பேதுருவின் வசனத்துக்கு வருகிறேன். வேதத்திலுள்ள எந்தத் தீர்க்கதரிசனமும் சுயதோற்றமான பொருளையுடையதல்ல. உண்மை. அதனால்தான் நாங்கள் சேர்ந்து வாசித்தோம். ஒருத்தி அவசரப்பட்டு ஒரு அர்த்தம் சொன்னால், அது எந்த வசனத்தில் இருக்கிறது, காட்டு என்று பக்கத்தில் இருப்பவள் கேட்டுவிடுவாள். சுயதோற்றமான பொருள் எங்கே முளைக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், ராத்திரி படுத்துக்கொண்டு போனில் ஓடும் அரை நிமிஷப் பிரசங்கங்களைப் பாருங்கள். யார் பேசுகிறார்கள், எந்தச் சபை, யாருக்குக் கணக்குக் கொடுக்கிறார்கள் என்று எதுவும் தெரியாமல், ஒரு வசனமும் பின்னணி இசையும் மட்டும் வருகிறது. அங்கே எதிர்க் கேள்வி கேட்க யாரும் இல்லை. புதன்கிழமையை மூடினால் ஜனங்கள் வேதத்துக்கு அர்த்தம் தேடுவதை நிறுத்திவிட மாட்டார்கள். தனியாகத் தேடுவார்கள்.

இறையியல் படித்தவர்கள் இல்லை என்பது குறை என்றால், அதை நாங்கள்தான் முதலில் சொன்னோம். குருவானவர் அவர்கள் வந்து உட்காரும்படி எத்தனையோ முறை கேட்டோம். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகும்போது, வாசிக்கிறதின் கருத்து தெரியுமா என்று பிலிப்பு கேட்டார். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்றார் மந்திரி. பிலிப்பு சுருளைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. ரதத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். நெகேமியா காலத்தில் லேவியர் நியாயப்பிரமாணத்தைத் தீர்க்கமாய் வாசித்து, அர்த்தஞ்சொல்லி, ஜனங்களுக்கு விளங்கப்பண்ணினார்கள். பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பவுலைச் சரிபார்த்தவர்களுக்கு அந்தப் பேர்.

ஆள் வருவதில்லை என்ற காரணத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஹாலில் விளக்கு எரியவில்லை என்று எழுதிக்கொடுத்தும் பல மாதம் எரியவில்லை. அறிவிப்பில் வேதபாடத்தின் பேர் வந்ததே எப்போதாவதுதான். இவ்வளவுக்கும் இடையில் வந்தவர்கள் வந்தார்கள்.

சீஷத்துவம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதில்தான் என் முக்கியமான வருத்தம் இருக்கிறது. லெந்து என்ற தவக்காலத்தில் மாற்கு சுவிசேஷத்தை முழுக்க வாசித்தோம். துண்டு துண்டாகக் கேட்டபோது தெரியாத ஒன்று முழுக்க வாசிக்கும்போது தெரிந்தது. எட்டாம், ஒன்பதாம், பத்தாம் அதிகாரங்களில் இயேசு மூன்று தடவை தாம் பாடுபட்டு மரிக்கப்போவதைச் சொல்கிறார். மூன்று தடவையும் சீஷர்கள் அதைப் புரிந்துகொள்ளவில்லை. முதல் தடவை பேதுரு அவரைக் கடிந்துகொள்கிறார். இரண்டாம் தடவை, தங்களில் யார் பெரியவன் என்று வழியிலேயே தர்க்கம் பண்ணுகிறார்கள். மூன்றாம் தடவை, யாக்கோபும் யோவானும் வலதுபாரிசத்திலும் இடதுபாரிசத்திலும் இடம் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு குருடன், எரிகோ வழியோரத்தில் பிச்சை கேட்டுக்கொண்டிருந்த பர்திமேயு, பார்வை பெற்று வழியிலே அவருக்குப் பின்சென்றான் என்று அந்தப் பகுதி முடிகிறது. அந்த வழி எருசலேமுக்கும் சிலுவைக்கும் போகிற வழி. கூட இருந்தவர்கள் இடம் கேட்டபோது, ஒன்றும் இல்லாதவன் பின்னால் நடந்தான். சேகரத் தேர்தல் சமயத்தில் இந்தப் பத்தாம் அதிகாரத்தை நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை வாசித்தால் நம் பேச்சே மாறும் என்று நம்புகிறேன்.

ஆசீர்வாதக் கூட்டத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. வியாதிக்காரருக்காகவும் வேலை இல்லாதவருக்காகவும் உபவாசித்து ஜெபிப்பது நல்லது, நானும் வருவேன். ஆனால் வருஷம் பூராவும் கர்த்தர் எனக்கு என்ன தருவார் என்பதையே கேட்டு வளர்கிற ஒரு சபை, கர்த்தர் என்னிடம் என்ன கேட்கிறார் என்று எங்கே கேட்கும்? சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்று சொன்னவர், நான் கட்டளையிட்ட யாவையும் கைக்கொள்ளும்படி உபதேசம் பண்ணுங்கள் என்றும் சேர்த்தே சொன்னார். கைக்கொள்ளுவதற்கு முதலில் அது என்னவென்று தெரிய வேண்டும்.

நம் முன்னோர்கள் இதை அறிந்திருந்தார்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, வந்த கையோடு தமிழ் படித்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். இந்திய மொழிகளில் முதலில் அச்சான புதிய ஏற்பாடு அது. குருமார் மட்டும் வாசிக்கவா அவ்வளவு பாடு? நம் திருநெல்வேலிச் சீமையில் விசுவாசத்துக்காக ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்காக 1799-ல் நிலம் வாங்கி முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உண்டானது. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், இப்படி அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு நிலம் வாங்க 1830-ல் தர்ம சங்கம் ஏற்பட்டது. வேதம் வாசித்தவர்கள் காசு சேர்த்து அடுத்தவனுக்கு நிலம் வாங்கினார்கள். வீட்டுப் பெண்கள் உலையில் போடும்முன் ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கையாக எடுத்து வைத்தார்கள். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்து, 1912-ல் தோர்ணக்கல்லின் பேராயரான அசரியா, எழுத்தறியாத ஏழைக் கூலிக்காரர்கள் நிறைந்த தெலுங்குக் கிராமங்களில் ஊழியம் செய்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் தாங்களே கையை வைத்து, சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ என்று சொல்லச் சொன்னார். பவுலின் வசனத்தைப் படிப்பில்லாத ஒவ்வொருவரின் வாயிலும் வைத்தவர் நம் ஊர்க்காரர். அவருடைய மண்ணில் இருந்துகொண்டு, படிக்காதவர்கள் வேதத்தைப் பேசக்கூடாது என்று நாம் அறிவிப்பு வாசிக்கலாமா?

திடப்படுத்தல் வகுப்பையும் விட்டுவிட முடியவில்லை. போன வருஷம் திடப்படுத்தல் எடுத்த பிள்ளைகளில் ஒருவன் வசனப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன். பிலிப்பியர் 4:13-ஐ மூச்சுவிடாமல் சொன்னான். என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு. அதை எழுதும்போது பவுல் எங்கே இருந்தார் என்று கேட்டேன், தெரியவில்லை. காவலில் கட்டுண்டு இருந்தார் என்றும், அதற்கு முந்தின வசனத்தில் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார் என்றும் சொன்னபோது அந்தப் பையன், "அப்போ இது பரீட்சைக்கு உள்ள வசனம் இல்லையா டீச்சர்?" என்றான். கெட்டிக்காரப் பிள்ளை. ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டான். வகுப்பிலேயே அவனுக்கு இதைச் சொல்ல நமக்கு நேரம் இல்லாமல் போயிற்று, இப்போது அந்த நேரத்தையும் நான்கு சனிக்கிழமைகளாகக் குறைக்கிறீர்கள். அவன் நாளைக்குக் கல்லூரிக்குப் போய் ஒரு தோல்வியைச் சந்திக்கும்போது அந்த வசனமும் அவனும் பிரிந்துவிடக்கூடாது.

ஆகவே கேட்கிறேன். புதன்கிழமை வேதபாடத்தை அதே நேரத்தில், அதே ஹாலில் மறுபடியும் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டம் அதன் நாளில் நடக்கட்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. மாதத்தில் ஒரு புதன்கிழமையாவது குருவானவர் அவர்கள் வகுப்பில் வந்து உட்கார வேண்டும், நாங்கள் பிசகினால் எல்லார் முன்பாகவும் திருத்த வேண்டும். வகுப்பை நடத்துகிறவர்களுக்கு, பேராயரின் கீழுள்ள நம் திருமண்டலத்தில் பயிற்சி கேட்டுப் பெற்றுத்தாருங்கள், பெண்களையும் அனுப்புங்கள்.

திடப்படுத்தல் வகுப்பு குறைந்தது ஒரு வருஷம் நடக்க வேண்டும், அதில் ஒரு சுவிசேஷத்தையாவது பிள்ளைகள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்திருக்க வேண்டும். வருகிற வருஷக் கடைசி ராத்திரியில் அட்டை கொடுப்பதானால், வசனத்தோடு அந்த அதிகாரத்தை முழுக்க வீட்டில் வாசிக்கும்படி அட்டையிலேயே அச்சிடுங்கள், புலம்பலும் 88-ஆம் சங்கீதமும் அந்தக் கட்டில் இருக்கட்டும். துக்க வீட்டில் போய் அவிசுவாசம் என்று சொல்கிற எந்த ஊழியரையும் நம் பிரசங்க பீடத்தில் ஏற்றாதீர்கள். மகனை இழந்த அந்த அம்மாவின் வீட்டுக்கு, இத்தனை காலம் கழிந்திருந்தாலும், கமிட்டியாகப் போய்வாருங்கள்.

கோயில்குட்டியாரின் சம்பளம் பற்றிய எங்கள் தாளை அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் முதலாவதாக வையுங்கள். என்ன முடிவானாலும் தொகையைச் சொல்லி அறிவியுங்கள். புதன்கிழமை வகுப்பைப் பற்றி ஆராதனையில் சொன்ன குழப்பம் என்ற சொல்லை, அதே ஆராதனையில், அதே இடத்தில் நின்று திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த மடலுக்கான பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். அடுத்த கமிட்டிக் கூட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் வாசியுங்கள்.

இப்படிக்கு,
புதன்கிழமை வேதபாடத்தில் உட்கார்ந்த
சபை அங்கத்தினள் ஒருத்தி